வடக்கிலிருந்து வந்த தண்டவாளம்

சண்டை முடிந்து, ஜப்பான்காரன் கப்பலேறிப் போய், புது வெள்ளைக்காரத் துரை ஒருவர் பங்களாவில் வந்து உட்கார்ந்து, மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று வீங்கிப்போயிருந்த வயிறுகள் மறுபடியும் அரிசிச் சோற்றைப் பார்த்த வருஷத்தில், கெடா மாநிலத்துக் கல்லுமலைத் தோட்டத்துக்குக் காட்டுக்குள்ளிருந்து ஒரு ரயில் பாதை வந்து சேர்ந்தது.

வந்து சேர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் போட்டவர்களைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. கூலிகள் குடியிருந்த கடைசி லயத்துக்குப் பின்னால் மரவள்ளிக் கொல்லை, கொல்லைக்குப் பின்னால் காடு. ஒருநாள் காலையில் காட்டின் ஓரத்தில் ஒரு சிலிப்பர் கட்டை கிடந்தது, அதன்மேல் அந்தக் கட்டை தாங்குகிற நீளத்துக்கு மட்டும் இரண்டு தண்டவாளங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. மறுநாள் விடிந்தபோது அதற்கு முன்னால் இன்னொரு கட்டை. அதற்கு மறுநாள் இன்னொன்று. கோழி முட்டையிடுவதைப் போலத் தினம் ஒன்று, தவறாமல், லயத்தைப் பார்த்து நகர்ந்து வந்தது.

காட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்த ஆட்கள், பாதை வடக்கே போய்க்கொண்டே இருக்கிறது என்றார்கள். அட்டைகளும் மூங்கில் புதர்களும் தாண்டி, ஆறு தாண்டி, மலையைக் குடைந்துகொண்டு போகிறது என்றார்கள்.

"சயாம் வரைக்கும் போகுது போல," என்றான் ஒருவன். சொன்னவனே வாயை மூடிக்கொண்டான்.

சயாம் என்ற சொல்லை அந்தத் தோட்டத்தில் யாரும் உரக்கச் சொல்வதில்லை. ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் ஒருநாள், டவுனில் இலவசமாகப் படம் காட்டுகிறார்கள், ஆண்பிள்ளைகள் எல்லாரும் வரலாம் என்று தண்டோரா போட்டார்கள். வேட்டியை வெளுத்துக் கட்டிக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, லாரியில் தொற்றிக்கொண்டு நாற்பது ஆண்கள் போனார்கள். கொட்டகையின் கதவுகளை வெளியிலிருந்து பூட்டி, அங்கிருந்தே கூட்ஸ் வண்டியில் ஏற்றி, சயாம் காட்டில் ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள் என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. படம் என்ன படம் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

போனவர்களில் திரும்பி வந்தவன் அங்கமுத்து ஒருவன்தான். முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரிகிற ஆறாத புண்ணோடு வந்தான். பெண்கள் அவனைச் சூழ்ந்துகொண்டு, எங்க ஆளைப் பார்த்தியா, எங்க ஆளைப் பார்த்தியா என்று கேட்டபோது, "நான் வேற கேம்பு, பார்க்கலை," என்றான். எல்லாருக்கும் அதையே சொன்னான். அதனால் கல்லுமலைத் தோட்டத்தில் மூன்று வருஷமாக யாரும் தாலியைக் கழற்றவில்லை, யாரும் குங்குமத்தை அழிக்கவில்லை, யாருக்கும் காரியம் நடக்கவில்லை. செத்த சேதியோ உடம்போ இல்லாமல் எதை வைத்துக் காரியம் செய்வது?

பாதை வந்த முதல் வாரத்தில் துரை அதைப் பெயர்த்துப் போடச் சொன்னார். பெயர்த்தார்கள். மறுநாள் காலையில் அது இருந்த இடத்திலேயே, பனியில் நனைந்து, குளிர்ந்து கிடந்தது. துரை ரயில்வேக்கு எழுதிப்போட்டார். டவுனிலிருந்து ஒரு அதிகாரி வந்து நாடாவைப் பிடித்து அளந்து பார்த்துவிட்டு, அளவு சரியாக இருக்கிறது, வேலையும் சுத்தம், ஆனால் இது எங்கள் பாதை இல்லை என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனார். துரைக்கு அதற்குமேல் அக்கறை இல்லை. அவருக்கு ரப்பர் மரங்களை மறுபடி பால் வெட்டுக்குக் கொண்டுவர வேண்டிய கவலை இருந்தது. லயத்து ஜனங்களும் பழகிக்கொண்டார்கள். மிளகாயைத் தண்டவாளத்துக்கு நடுவே காயவைத்தார்கள், அவரைக்கொடி ஒன்று அதைச் சுற்றி ஏறியது, ஆடுகள் அதன்மேல் தாடையைத் தேய்த்துக்கொண்டன.

பிறகுதான் பெண்கள் அந்தத் தவறைச் செய்தார்கள். பாதை வருகிறதென்றால் ரயில் வரும், ரயில் வருகிறதென்றால் போனவர்கள் வருவார்கள் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். மண்ணை வெட்டிக் கொட்டி, கூடை கூடையாகச் சுமந்து, கொல்லைக்கு நடுவே ஒரு பிளாட்பாரம் கட்டினார்கள். சாணி மெழுகினார்கள், கோலம் போட்டார்கள், தென்னங்கீற்றில் தோரணம் கட்டினார்கள். தினமும் ஒரு வீட்டுக்காரி சோறு பொங்கி இலை போட்டு மூடிக்கொண்டு வந்து அங்கே வைப்பாள். சாயங்காலம் ஆறிய சோற்றைப் பிள்ளைகள் தின்பார்கள்.

எல்லாரையும்விட அதிகம் மண் சுமந்தவள் காத்தாயி. அவள் புருஷன் சன்னாசி நெட்டையான, வாயில்லாத மனிதன். பால் நிறுக்கிற வரிசையில் எல்லாரையும் முன்னால் விட்டுவிட்டு, வெயில் ஏறி, கடைசி ஆளாக வாளியை வைப்பான். "நீ என்ன இந்தத் தோட்டத்துக்கே அரண்மனைக் காவக்காரனா?" என்று அவள் திட்டாத நாள் இல்லை. படம் பார்க்கப் போன அன்று கைக்குழந்தைக்குக் காய்ச்சல். தனக்கு வேண்டாம், வீட்டிலேயே இருக்கிறேன் என்றவனை, "போயிட்டு வந்து எனக்குக் கதை சொல்லு," என்று லாரி வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் ஏற்றிவிட்டவள் அவள்தான்.

"ஏண்டி, ரயிலுக்கு மண்ணு சுமக்கிறியா, மாப்பிள்ளை அழைப்புக்குச் சுமக்கிறியா?" என்று பக்கத்து வீட்டு வீராயி கேலி செய்வாள்.

"ரெண்டுக்கும்தான் அக்கா. உங்காளு வந்தா மட்டும் நீ என்ன திரும்பிப் படுத்துக்குவியா?"

சிரிப்பு காடு வரைக்கும் கேட்கும். அங்கமுத்து மட்டும் சிரிக்கமாட்டான். புண்காலை நீட்டிப் பிளாட்பாரத்து ஓரத்தில் உட்கார்ந்திருப்பான். அந்தத் தண்டவாளத்தை அவன் ஒருநாளும் மிதித்ததில்லை, தாண்டித்தான் போவான்.

ஒருநாள் விடியற்காலையில், அன்றைக்கு வந்த கட்டையைக் கழுவிக் கோலம் போடக் குனிந்த வீராயி, குனிந்தபடியே நின்றுவிட்டாள்.

"இது எங்காளு வெட்டு," என்றாள்.

"கட்டையில என்னக்கா வெட்டு?"

"வாச்சி போட்டுச் செதுக்கியிருக்கில்ல, பாரு. எல்லாரும் இந்தப் பக்கமா இழுப்பாங்க. இது அந்தப் பக்கமா இறங்குது. இடக்கை. முடிக்கிற இடத்துல ஒரு சுண்டு சுண்டியிருக்கு பாரு, அது எங்காளு சுண்டு."

பால் வெட்டுகிறவனுக்குக் கை என்பது முகத்தைப் போல. ஒருவன் பட்டையைச் சீவுகிற சாய்வும் ஆழமும் இன்னொருவனுக்கு வராது. புருஷன் முன்னால் வெட்டிக்கொண்டு போக, பின்னால் பால் வடிகிற மங்குகளைக் கழுவிப் பால் எடுத்துக்கொண்டு வருகிற பெண்டாட்டிக்கு, அந்தக் கோட்டைப் பார்த்தாலே அவன் அன்றைக்குப் பசியோடு இருக்கிறானா, கோபத்தோடு இருக்கிறானா என்று தெரிந்துவிடும். ஜப்பான்காரன் காலத்தில் ரப்பர் வாங்க ஆள் இல்லாமல் வெட்டு நின்றுபோனதால், போனவர்கள் கடைசியாகப் போட்ட கோடுகள் அவரவர் பங்குக்கு வந்த மர வரிசையான நிரையில், அவரவர் மரங்களில், அப்படியே தழும்பேறி இருந்தன.

வீராயி ஓடினாள். பெண்கள் பின்னால் ஓடினார்கள். தன் புருஷன் பெரியண்ணன் வெட்டிய நிரைக்குப் போய் முதல் மரத்தின் கோட்டில் விரலை வைத்துப் பார்த்தாள், ஓடிவந்து கட்டையில் விரலை வைத்துப் பார்த்தாள். அதே சாய்வு, அதே சுண்டு.

அப்போதுதான் அங்கமுத்து வாயைத் திறந்தான்.

"வீராயியக்கா. பெரியண்ணன் மழைக்காலத்திலயே போயிட்டாரு. காலரா. தண்ணி கேட்டாரு, நான்தான் மூங்கில்ல மொண்டு ஊத்தினேன்."

"அட பாவி! வேற கேம்புன்னியேடா! வந்த நாளா ஏன்டா சொல்லலை?"

"நாப்பது பேரும் ஒரே கேம்புதான். அன்னைக்கு நீங்க எல்லாரும் என் வாயையே பார்த்துக்கிட்டு நின்னீங்க. அந்த வாயால நான் எதைச் சொல்றது?"

பிறகு அவன் கட்டைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: சயாமில் ஒவ்வொருவனும் அன்றன்றைக்குத் தன் கட்டையைச் செதுக்கி, சுமந்து, கிடத்தி ஆணி அடித்தால்தான் உட்காரலாம். காய்ச்சலானாலும் சரி, கால் அழுகினாலும் சரி. செத்தவனைப் புதைக்க நேரம் கொடுக்கமாட்டார்கள், கட்டை போட நேரம் கொடுப்பார்கள். இவர்கள் செத்தும் வேலையை விடவில்லை. வேலையை விடலாம் என்று யாரும் இவர்களுக்குச் சொல்லவில்லை. வீட்டுக்கு வர இவர்களுக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான். வீட்டு வாசலில் தன் கட்டையைப் போட்டுவிட்டுத்தான் ஒவ்வொருவனும் உட்காரப் போகிறான்.

அன்றைக்கு வீராயி அந்தக் கட்டைக்கு மஞ்சள் பூசிக் குளிப்பாட்டினாள். பிளாட்பாரத்தில் வைத்திருந்த சோற்றை அதன்மேல் பரப்பினாள். தண்டவாளத்தின்மேல் அவள் கையை வைத்து வளையலை உடைத்தார்கள். குங்குமத்தை அழித்தார்கள். மூன்று வருஷமாகத் தொண்டைக்குள் இருந்த அழுகை வெளியே வந்தபோது அது அழுகை மாதிரியே இல்லை, ஆடு கத்துவதைப் போல இருந்தது.

அதன்பிறகு எல்லாப் பெண்களும் முந்திய கட்டைகளைக் குனிந்து பார்த்தார்கள். இரண்டு முழம் தள்ளி ஒருத்தி உட்கார்ந்துவிட்டாள். அதற்கு அடுத்ததில் இன்னொருத்தி. ஆழமாக வெட்டி மரத்தைக் காயப்படுத்தி கங்காணியிடம் திட்டு வாங்குகிறவனின் கட்டை ஆழமாகச் செதுக்கப்பட்டிருந்தது. புதுசாகக் கத்தி பிடித்த பையனின் கட்டை நடுங்கி நடுங்கி ஓடியிருந்தது, அதைப் பார்த்த அவன் தாய் அதை மடியில் எடுத்து வைத்துக்கொள்ளப் பார்த்தாள். காட்டுக்குள் வடக்கே கிடந்த கட்டைகளில் அவர்களுக்குத் தெரிந்த கை ஒன்றுகூட இல்லை. அவை வேறு தோட்டத்து ஆட்களுடையவை, மலாய்க்காரர், பர்மாக்காரர், வெள்ளைக்காரச் சிப்பாய்களுடையவை என்று அங்கமுத்து சொன்னான். அவற்றுக்கும் எங்கேயோ பெண்கள் இருப்பார்கள் என்று சொல்லி, அந்தக் கட்டைகளுக்கும் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டு வந்தார்கள்.

மழை தொடங்கியது. தினம் ஒரு கட்டை, தினம் ஒரு காரியம். தோரணத்துக் கீற்றுகளை அறுத்துப் பாடைக்குப் போடுவதைப் போலக் கட்டைகளுக்குப் போட்டார்கள். பழகிவிட்டது. பெரட்டுக்குப் போகும் முன், களத்தில் நின்று பெயர் கொடுக்கும் முன், யார் வந்திருப்பது என்று பார்த்துவிட்டுப் போவார்கள். அந்த வீட்டுக்காரிக்கு மட்டும் அன்றைக்கு மற்றவர்கள் சேர்ந்து அவள் நிரையையும் வெட்டிக் கொடுத்தார்கள். பழைய கோடுகள் இருந்த பக்கத்தில் யாரும் கத்தி வைக்கவில்லை, மரத்தின் மறுபக்கத்தில் வெட்டினார்கள். துரை ஏன் என்று கேட்டார். அந்தப் பக்கத்துப் பட்டை இன்னும் ஆறவில்லை என்று வெள்ளைச்சாமிக் கங்காணி சொல்லிவைத்தார்.

அன்றைக்குப் படத்துக்குக் கிளம்பாதவர்களை வீடு வீடாகப் போய் விரட்டி லாரியில் ஏற்றியவர் இந்த வெள்ளைச்சாமிதான். பாதை தன் வீட்டுக்குத்தான் வருகிறது என்று அவர் கதவுக்குக் குறுக்கே உலக்கையைப் போட்டு, கிடா வெட்டி, தாயத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாதை அவர் வீட்டுப் பக்கம் திரும்பக்கூட இல்லை. கொல்லையைத் தாண்டி, லயத்துக்கு நடுவே தண்ணீர்க் குழாய் இருந்த முற்றத்தைப் பார்த்துப் போனது. அவர் வாசலில் நின்று, அது தன்னைத் தாண்டிப் போவதை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தார், மெலிந்துபோனார்.

காத்தாயியும் தினமும் விடியுமுன் வந்து குனிவாள். சன்னாசியின் கை அவளுக்குத் தெரியும்: மேலாக, மெல்லிசாக, மரத்துக்கு வலிக்குமோ என்று கேட்டுக்கேட்டு வெட்டியதைப் போன்ற கோடு. அன்றைய கட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, "எங்காளு இல்லை," என்பாள். வீட்டுக்குப் போய் நேற்றைவிடப் பெரிய பொட்டாக வைத்துக்கொண்டு பெரட்டுக்கு வருவாள். ஒவ்வொரு வெள்ளை நெற்றிக்கும் அவள் பொட்டு பெரிதாகிக்கொண்டே போனது.

கடைசியில் அவள் ஒருத்திதான் பாக்கி. அன்று பாதை நின்றுவிட்டது. குழாய்க்குப் பக்கத்தில் தண்டவாளத்தின் இரண்டு முனைகளும் ஒரு கட்டை நீளத்துக்கு முன்னால் நீண்டு, கீழே தாங்க எதுவுமில்லாமல் காற்றில் நின்றன. மறுநாளும் கட்டை வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

"இருக்காரு! எங்காளு உசிரோட இருக்காரு!" என்று காத்தாயி லயம் முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். பெண்கள் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்கள். சிலருக்குச் சந்தோஷம்தான். சிலருக்கு அந்தச் சர்க்கரை இறங்கவில்லை.

அன்றைக்குத்தான் மூச்சுச் சத்தம் ஆரம்பித்தது. காட்டின் ஓரத்திலிருந்து, பாரம் தூக்கியவன் நின்று மூச்சு வாங்குகிற சத்தம். பகலிலும் கேட்டது, மழைக்கு நடுவிலும் கேட்டது. கோழிகள் அந்தப் பக்கம் மேயப் போகவில்லை. தொட்டில் பிள்ளைகள் அந்த மூச்சுக்குத் தகுந்தபடி மூச்சுவிட்டுத் தூங்கின. அதையும் ஜனங்கள் பழகிக்கொண்டார்கள். பேச்சை நிறுத்தி, மூச்சு வாங்க இடம்விட்டு, பிறகு பேசினார்கள். காத்தாயி மட்டும் அது காற்று என்றாள்.

அங்கமுத்து நொண்டிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தான்.

"தங்கச்சி, ஒரு கட்டைக்கு ரெண்டு தோளு வேணும்."

"எந்தக் கட்டைக்கு?"

"ஒருத்தன் கட்டைக்கு இன்னொருத்தன் முன்தோள் குடுப்பான். போட்டு முடிச்சவன் உட்கார்ந்துடுவான், மிச்சம் இருக்கிறவங்க அடுத்ததைத் தூக்குவாங்க. எல்லாரையும் முன்னால விட்டுட்டு ஒருத்தன் கடைசியா நின்னா, அவனுக்கு யாரு முன்தோள் குடுக்கிறது?"

காத்தாயி முறத்தைக் கீழே வைத்தாள். "உனக்கு வாயில நல்ல வார்த்தையே வராதா அண்ணே? எல்லா வீட்டுக்கும் எழவு சொல்லியாச்சு, எங்க வீடு ஒண்ணுதான் உன் கண்ணை உறுத்துதா?"

"நேத்து நான் போய் நின்னேன். குனிஞ்சு தோளைக் குடுத்தேன். கனம் வரலை, தங்கச்சி. என் கட்டையை நான் அங்கேயே போட்டுட்டேன், அதனால எனக்கு இறங்கலை போல. நிமிர்ந்தா எதிர்ல அந்த மூச்சு. என் மூஞ்சியில அடிக்குது."

"காத்து."

"காத்துக்கு இருமல் வருமா?"

அவள் முறத்தை மறுபடி கையில் எடுத்தாள். அவனும் போய்விட்டான்.

அன்று முழுவதும் அவள் அந்த மூச்சைக் கேட்டாள். சோறு வடிக்கும்போது கேட்டாள், மகளுக்குப் பேன் பார்க்கும்போது கேட்டாள். அவளுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அவள் போகாமல் இருந்தால் பொட்டும் தாலியும் இருக்கும், சன்னாசி இருக்கிறான் என்று சாகும்வரை சொல்லிக்கொள்ளலாம். அதுவரைக்கும் அவன் அங்கே, கட்டையின் ஒரு முனையைத் தோளில் தாங்கி, மறுமுனை தரையில் கிடக்க, உட்காராமல் நிற்பான். போனால் அவன் உட்காருவான். ஆனால் அவனைச் சாகவிட்டது அவள் தோளாக இருக்கும். பக்கத்து வீட்டிலிருந்து வீராயி வந்து நிலையில் சாய்ந்து நின்றாள். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. "கனமாத்தான் இருக்கும்," என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் வெளிச்சம் வந்து, ஜனங்கள் பெரட்டுக் களத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, காத்தாயி பழைய சேலைத்துண்டு ஒன்றை மடித்து இடது தோளில் போட்டுக்கொண்டு பாதையோடு காட்டைப் பார்த்து நடந்தாள். வளையலும் பொட்டும் அப்படியே இருந்தன. ஜனங்கள் நின்று பார்த்தார்கள். வெள்ளைச்சாமியும் தன் வாசலிலிருந்து பார்த்தார்.

காட்டின் ஓரத்தில் அவள் நின்றாள். முதுகைக் காட்டுக்குக் காட்டித் திரும்பி, முழங்காலை மடக்கிக் குனிந்து, ஒன்றுமில்லாத இடத்துக்குத் தோளைக் கொடுத்தாள்.

மூச்சுச் சத்தம் நின்றது.

அவள் கால்கள் நடுங்கி மண்ணில் புதைவதை எல்லாரும் பார்த்தார்கள். தோளில் போட்ட துணி எதுவோ அழுத்தித் தட்டையாவதைப் பார்த்தார்கள். அதன்மேல் ஒன்றும் இல்லை. அவள் எழுந்தாள். ஒரு அடி வைத்தாள், தள்ளாடினாள். பின்னால் வருகிறவனுக்குத் தகுந்தபடி காலை மாற்றி வைத்தாள், அதன்பிறகு தள்ளாடவில்லை. ஒவ்வொரு கட்டையாக மிதித்து வந்தாள். பெரியண்ணனின் கட்டை, நடுங்கிய கைப் பையனின் கட்டை. அந்தந்தப் பெண்கள் அந்தந்தக் கட்டைக்கு அருகே நின்று வழிவிட்டார்கள். வீராயி கையை நீட்டினாள், பிறகு இழுத்துக்கொண்டாள். அதில் இன்னொருவர் கை வைக்க முடியாது. காத்தாயி ஒருதடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வாய் மட்டும் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, இப்போது ஓடுகிறாள், பல்லெல்லாம் முளைத்துவிட்டது என்று அவள் சொன்னதைப் பக்கத்தில் நின்றவர்கள் கேட்டார்கள்.

குழாயடியில் தண்டவாளம் காற்றில் நின்ற இடத்துக்கு வந்ததும், பக்கவாட்டில் திரும்பி, முழங்காலை மடக்கி, மெதுவாக, மிக மெதுவாக இறக்கினாள்.

கட்டை அங்கே இருந்தது. மேலாக, மெல்லிசாகச் செதுக்கியிருந்தது.

எல்லாரும் காட்டைப் பார்த்துக் காதைக் கொடுத்தார்கள். பறவைகளின் சத்தம்தான் கேட்டது.

பெண்கள் வழக்கப்படி அவள் குங்குமத்தை அழிக்கக் கிட்டே வந்தார்கள். அழிக்க ஒன்றும் இல்லை. வியர்வை அதைக் கரைத்து, மூக்கின் வழியாக, மோவாயின் வழியாக வடிந்து, கட்டையின்மேல் சொட்டிவிட்டிருந்தது. அவள் நெற்றி வெறுமையாக இருந்தது. வீராயி அவள் கையைத் தண்டவாளத்தில் வைத்து வளையல்களை உடைத்தாள்.

பெரட்டு மணி அடித்தது. அன்றைக்கு அவள் நிரையைத் தாங்கள் பார்த்துக்கொள்வதாகப் பெண்கள் சொன்னார்கள். காத்தாயி தலையை ஆட்டி மறுத்தாள். தோளைத் தேய்த்துக்கொண்டே களத்துக்குப் போய் வரிசையில் நின்று, தன் பெயர் வந்ததும் குரல் கொடுத்தாள்.